லாரி மோதி இறந்தவர் மீதே எஃப்ஐஆர்: இழப்பீட்டு வழக்கு போட முடியுமா? ஆறு மாதம் முடியப் போகிறது

கோவை_தெற்கு (கேள்வி):

விவரத்தைச் சுருக்கமாகத் தருகிறேன். இறந்தவருக்கு வயது 34, லேத் பட்டறையில் ஆபரேட்டர். மனைவி (29), குழந்தைகள் இருவர் (6, 3), அம்மா (58). அப்பா முன்பே காலமாகிவிட்டார். சம்பளம் மாதம் 24,000. அதில் 14,000 வங்கியில் வரும், 10,000 கையில். பல்லடம் பக்கம் இரவு 8 மணிக்கு டூவீலரில் வந்துகொண்டிருந்தபோது லாரி மோதியது. குடும்பம் இருப்பது கோவையில்.

சிக்கல் என்னவென்றால், புகார் கொடுத்தவரே லாரி டிரைவர். 'எதிரே வேகமாக வந்து, முந்த முயன்று என் லாரியில் மோதினார்' என்று சொல்லி, எஃப்ஐஆர் இறந்தவர் மீதே பதிவாகியிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் கேஸை முடிக்கப் போவதாக ஸ்டேஷனில் சொல்கிறார்கள். ஆனால் டூவீலரில் நசுங்கியிருப்பது பின்பக்க மட்கார்டும் நம்பர் பிளேட்டும்தான். ஹெட்லைட் உடையக்கூட இல்லை.

விபத்து நடந்து 5 மாதம் 4 நாள் ஆகிறது. இன்ஷூரன்ஸ் தரப்பிலிருந்து என்று ஒருவர் வந்து, 'எஃப்ஐஆரே உங்களுக்கு எதிராக இருக்கிறது, 15 லட்சத்துக்கு முடித்துக்கொள்ளுங்கள்' என்கிறார். மனைவியிடம் இரண்டு வெற்றுத்தாளில் கையெழுத்தும் வாங்கிப் போயிருக்கிறார். வழக்கு நிற்குமா? எங்கே போடுவது? 15 லட்சம் சரியான தொகையா?

கோர்ட்_வராண்டா:

முதலில் தேதியைக் கவனியுங்கள், மற்றதெல்லாம் பிறகு. மோட்டார் வாகனச் சட்டம் 166(3) பிரிவு, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த இந்த விதி 1-4-2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் செல்லுபடியை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. தாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவு இன்று இருக்கும், நாளை மாறலாம். உங்களிடம் இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கும்போது அதை நம்பி உட்கார வேண்டியதில்லை.

பைனல் ரிப்போர்ட் (போலீஸ் விசாரணை முடித்துக் கோர்ட்டுக்குத் தரும் இறுதி அறிக்கை) வரட்டும், வாரிசுச் சான்று வரட்டும் என்று காத்திருப்பதுதான் பெரும்பாலான குடும்பங்கள் செய்யும் தவறு. மனுத் தாக்கலுக்கு எஃப்ஐஆர் நகல், போஸ்ட்மார்ட்டம் சான்று, இறப்புச் சான்று, ஆதார், லாரியின் ஆர்சி, பாலிசி விவரம் இருந்தால் போதும். மற்றவற்றைச் சாட்சி விசாரணையின்போது தாக்கல் செய்துகொள்ளலாம். தாசில்தார் தரும் சட்ட வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். வங்கிக் கணக்குக்காகக் கேட்கும் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று இதற்குத் தேவையில்லை. யாராவது 'அது இல்லாமல் மனு எடுக்க மாட்டார்கள்' என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

எங்கே போடுவது: விபத்து நடந்த இடம், மனுதாரர் குடியிருக்கும் இடம், எதிர்தரப்பு இருக்கும் இடம், இந்த மூன்றில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கும் உரிமை மனுதாரருக்கு உண்டு. சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் பல்லடம் பக்கம் அலைய வேண்டாம், கோவையில் உள்ள மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே எம்சிஓபி (இழப்பீட்டு மனு) போடுங்கள். லாரி உரிமையாளர் முதல் எதிர்மனுதாரர், இன்ஷூரன்ஸ் கம்பெனி இரண்டாவது.

போலீஸ் 90 நாளில் தீர்ப்பாயத்துக்கு விரிவான விபத்து அறிக்கை தர வேண்டும், அதையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்வது உண்மைதான். எஃப்ஐஆர் இறந்தவர் மீதே இருக்கும் கேஸில் அந்த அறிக்கை உங்களுக்காகப் பேசாது. சொந்த மனு அவசியம்.

ஸ்கெட்ச்_மகஜர்:

எஃப்ஐஆர் பற்றிய பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். அது முதல் தகவல் மட்டும்தான், அதுவே நிரூபணம் ஆகிவிடாது. தீர்ப்பாயத்தில் கிரிமினல் கேஸ் போலச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் கேட்பதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பார்கள். எதிரே வந்து மோதியவரின் வண்டியில் ஹெட்லைட் உடையவில்லை, பின் நம்பர் பிளேட் நசுங்கியிருக்கிறது என்பதே புகாரின் முதுகெலும்பை உடைக்கிறது. நேருக்கு நேர் மோதினால் முன் ஃபோர்க் வளையும், முன் சக்கர ரிம் கோணும், ஹேண்டில் திரும்பும். உங்கள் கேஸின் உயிர் அந்த வண்டியில்தான் இருக்கிறது.

ஆகவே வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிடாதீர்கள், எடைக்கும் போடாதீர்கள். ஸ்டேஷனில் இருந்தால் நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் நம்பர் தெரிய வேண்டும். நசுங்கிய இடத்தின் உயரத்தை டேப் வைத்து அளந்தபடி ஒரு படம். அந்த உயரமும் லாரி பம்பரின் உயரமும் பொருந்தினால் அதற்கு மேல் வாதமே தேவைப்படாது. செல்போன் படமோ சிசிடிவியோ தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) பிரிவின்படி சான்று இணைக்க வேண்டும். அது இல்லாததாலேயே நல்ல வீடியோக்கள் ஆவணமாக ஏறாமல் போகின்றன.

அடுத்து மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை. இரண்டு வண்டிக்கும் தனித்தனியாக இருக்கும். லாரி அறிக்கையில் 'முன்பக்க இடது பம்பர் மூலையில் சிராய்ப்பு' என்பது போல ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த ஒரு வரி உங்கள் தரப்பில் பத்து சாட்சிக்குச் சமம்.

மூன்றாவது, பார்வை மகஜரும் (போலீஸ் விபத்து இடத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு) மாதிரி வரைபடமும். சாலை எத்தனை அடி அகலம், டூவீலர் கிடந்த இடம் இடது ஓரத்திலிருந்து எத்தனை அடி, ரத்தக்கறை எங்கே, பிரேக் தடம் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். முந்த முயன்று எதிர்த்தடத்துக்குப் போனவர் என்றால் வண்டி நடுக்கோட்டைத் தாண்டித்தான் கிடக்க வேண்டும். தன் இடது ஓரத்திலேயே கிடந்தால் டிரைவரின் கதையை வரைபடமே மறுக்கிறது. அம்புக்குறியைக் கவனமாகப் பாருங்கள். எந்த வண்டி எந்தத் திசையில் வந்தது என்பது பல வரைபடங்களில் மகஜரோடு முரண்படும்.

நான்காவது, ஆஸ்பத்திரி ஏஆர் காப்பி. முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் 'யார் கொண்டுவந்தார், என்ன சொன்னார்' என்று எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகல் அது. 'பின்னால் வந்த லாரி மோதியது' என்று அன்றிரவே எழுதியிருந்தால் தங்கம். 'மது வாடை' என்று எழுதியிருந்தால் இன்ஷூரன்ஸ் தரப்பு அதைப் பிடித்துத் தொங்குவார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு இல்லாமல் அந்த இரண்டு சொல்லை மட்டும் வைத்துப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

நேரில் பார்த்த சாட்சி கிடைத்தால் நல்லது. குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே 'போலீஸில் ஏன் சொல்லவில்லை' என்பதாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் அங்கே இருந்தார் என்பதற்கு 108-க்குப் போட்ட அழைப்பு, பங்க் பில், வேலைக்கடையின் வருகைப் பதிவு என்று ஏதாவது வேண்டும். ஆள் கிடைக்கவில்லையே என்று யாரையாவது செட் பண்ணிவிடாதீர்கள். இரண்டு கேள்வியில் உடைந்துவிடும், அதோடு உண்மையான ஆதாரத்தின் மீதும் நீதிபதிக்கு நம்பிக்கை போய்விடும்.

மறு விசாரணை கேட்டு எஸ்பிக்கு மனு கொடுங்கள். பைனல் ரிப்போர்ட் போட்டுவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் ஆட்சேப மனுப் போடலாம். அதற்காக எம்சிஓபியை நிறுத்தி வைக்கத் தேவையில்லை, இரண்டும் தனித்தனிப் பாதை.

கணக்குப்பிள்ளை:

15 லட்சம் சரியா என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு வாய்ப்பாடு இருக்கிறது. 2009-இல் சரளா வர்மா தீர்ப்பு, 2017-இல் பிரணய் சேத்தி தீர்ப்பு, இரண்டையும் சேர்த்தால் யார் வேண்டுமானாலும் பேப்பரில் போட்டுப் பார்க்கலாம்.

மாதம் 24,000 என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால்: 40 வயதுக்குக் கீழ், நிரந்தர அரசு வேலை மாதிரி இல்லாத சம்பளம் என்பதால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம், அதாவது 9,600 கூடும். மொத்தம் 33,600. நிரந்தர வேலை என்றால் 50 சதவீதம் கூட்டுவார்கள். நம்பியிருப்பவர்கள் நான்கு பேர், எனவே இறந்தவரின் சொந்தச் செலவாக நாலில் ஒரு பங்கு கழியும். மிச்சம் 25,200. வருடத்துக்கு 3,02,400. 31 முதல் 35 வயதுக்கு மல்டிப்ளையர் (வருடத் தொகையைப் பெருக்கும் எண்) 16. ஆக 48,38,400.

இதோடு துணை இழப்பு (உறவின் அன்பும் ஆதரவும் இழந்ததற்கான தொகை) ஆளுக்கு 48,400. மனைவிக்கு மட்டுமில்லை, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உண்டு என்று 2018-இல் மேக்மா–நானு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான்கு பேருக்கு 1,93,600. ஈமச்சடங்குக்கு 18,150, சொத்து இழப்புக்கு 18,150. (2017-இல் 40,000, 15,000, 15,000 என்று வைத்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏற்றச் சொன்னார்கள். இரண்டு முறை ஏறியதால் வந்த எண்கள் இவை.) கூட்டினால் 50,68,300. மனுத் தேதியிலிருந்து வட்டி தனி, நம் பக்கம் பெரும்பாலும் 7.5 சதவீதம் போடுகிறார்கள்.

இப்போது 15 லட்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீர்ப்பாயம் இறந்தவர் மீது 20 சதவீதத் தப்பு வைத்தால்கூட 40,54,640 வருகிறது.

ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. வங்கியில் ஏறும் 14,000-ஐ மட்டும் வருமானமாக எடுத்துக்கொண்டால் அந்த 48,38,400 என்பது 28,22,400-க்கு இறங்கிவிடும். கையில் வாங்கிய அந்தப் பத்தாயிரத்தின் விலை 20,16,000 ரூபாய்! பட்டறை முதலாளி எழுதித் தரும் சம்பளச் சான்று மட்டும் போதாது. அதை எழுதியவர் சாட்சிக் கூண்டில் ஏறி, சம்பளப் பதிவேட்டைக் காட்டிச் சொல்ல வேண்டும். பிஎஃப், வரி என்று பயந்து வர மறுப்பார்கள், நேரில் பேசிப் பாருங்கள். வராவிட்டால் சம்மன் அனுப்ப மனுப் போடலாம். துணை ஆதாரமாக வீட்டு வாடகை ஒப்பந்தம், ஸ்கூல் ஃபீஸ் ரசீது, மாதத் தவணை, சீட்டுக் கட்டிய புத்தகம் எல்லாவற்றையும் சேருங்கள். 14,000 சம்பளத்தில் மாதம் 13,000 தவணையும் வாடகையும் கட்டியிருக்க முடியாது என்று வாதம் தானே எழும். ஐடிஐ சான்று இருந்தால் திறன் பெற்ற தொழிலாளி என்று காட்ட அதுவும் உதவும்.

மனுவில் கேட்கும் தொகையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நியாயமான இழப்பீடு அதைவிட அதிகம் என்றால் அதிகமாகவே தரலாம் என்பது 2002 முதல் உச்ச நீதிமன்றம் சொல்லிவரும் நிலை.

கோவை_தெற்கு:

மிக்க நன்றி சார். மூன்று சந்தேகம். ஹெல்மெட் போடவில்லை என்று மகஜரில் எழுதியிருக்கிறது. அந்த வெற்றுத்தாள் கையெழுத்தை என்ன செய்வது? பிறகு, மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப் போகவில்லை. அம்மா தனியாக ஒரு கேஸ் போடப் போவதாகச் சொல்கிறார்.

கோர்ட்_வராண்டா:

ஹெல்மெட்: விபத்துக்கு அது காரணமில்லை. தலைக்காயத்தால் மரணம் என்று போஸ்ட்மார்ட்டம் சொன்னால் ஒரு பங்கு கழிக்கக்கூடும். நெஞ்சு, வயிற்றுக் காயம் என்றால் ஹெல்மெட் பேச்சுக்கே இடமில்லை. சான்றில் மரணக் காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள்.

வெற்றுத்தாள்: நாளைக்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்புங்கள். 'இன்ன தேதியில் எழுதாத தாளில் கையெழுத்து வாங்கப்பட்டது, எந்தத் தொகைக்கும் நான் சம்மதிக்கவில்லை' என்று நாலு வரி போதும். வந்தவர் நிஜமாகவே கம்பெனி ஆளா என்பதும் அப்போது தெரிந்துவிடும். ஆஸ்பத்திரி வாசலில் சுற்றும் புரோக்கராகவும் இருக்கலாம். தவிர, மைனர் குழந்தைகளின் பங்கை நீதிமன்ற அனுமதியில்லாமல் யாரும் சமரசம் பேசி முடிக்க முடியாது.

அம்மா விஷயம்: தனி மனு போட்டால் இரண்டையும் சேர்த்து விசாரிக்கக் காலம்தான் ஓடும், தொகை கூடாது. அம்மாவும் மனுதாரராகச் சேர வேண்டும். கையெழுத்துப் போட மறுத்தால் அவரை எதிர்மனுதாரராகக் காட்டிவிடுங்கள், பங்கைத் தீர்ப்பாயம் பிரித்துக் கொடுக்கும். அவரை மறைத்து மனுப் போடுவதுதான் மிக மோசமான யோசனை. அவர் இருப்பதால்தான் சொந்தச் செலவுக் கழிவு மூன்றில் ஒன்று ஆகாமல் நாலில் ஒன்றாக நிற்கிறது என்பதை மருமகளிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவரை விட்டால் எல்லோருக்குமே நஷ்டம்.

வக்கீல் ஃபீஸ்: கிடைப்பதில் இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தம் போடுவது பார் கவுன்சில் விதிப்படி கூடாது. நடைமுறையில் கேட்பார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும், கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும்.

பாலிசி_கண்ணாடி:

யாரும் தொடாத ஒன்று: லாரியின் பாலிசி. விபத்துத் தேதி மட்டுமில்லை, நேரமும் பாலிசி காலத்துக்குள் வருகிறதா பாருங்கள். டிரைவரின் லைசென்ஸ், லாரியின் பெர்மிட் இவற்றில் கோளாறு இருந்தால் 'எங்களுக்குப் பொறுப்பில்லை' என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கவுண்ட்டர் (பதில் மனு) போடும். பெரும்பாலான நேரம் தீர்ப்பாயம், 'முதலில் குடும்பத்துக்குக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்' என்று உத்தரவிடும். பாலிசியே இல்லையென்றால்தான் நிஜமான சிக்கல். உரிமையாளரின் சொத்தைத் துரத்த வேண்டும். லாரி நம்பரை அரசின் பரிவாஹன் வாகனப் பதிவுத் தளத்தில் போட்டால் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று தெரியும்.

டூவீலர் இறந்தவர் பெயரிலேயே இருந்து, லைசென்ஸும் இருந்தால், அந்த வண்டியின் பாலிசியில் உரிமையாளர்–ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு யார் தப்பு என்ற கேள்வியே கிடையாது. கோர்ட்டுக்கும் போக வேண்டாம், நேராக அந்தக் கம்பெனியில் க்ளெய்ம் போடுவதுதான். இதே போல வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா இருந்தால் 2 லட்சம். பிஎஃப் பிடித்திருந்தால் இடிஎல்ஐ (பிஎஃப்போடு சேர்ந்த ஆயுள் காப்பு) தொகையும் உண்டு. எல்ஐசி, பிஎஃப் பணம் வந்தது என்பதற்காக எம்சிஓபி தொகையில் கழிக்கக் கூடாது என்று 1998-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. குறுக்கு விசாரணையில் கேட்டால் பயமில்லாமல் உண்மையைச் சொல்லலாம்.

முழுத் தப்பும் இறந்தவர் மீதுதான் என்று முடிவானால் என்ன செய்வது என்ற கவலைக்கு 164-ஆம் பிரிவு இருக்கிறது. யார் தப்பு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம். இது கடைசித் தடுப்புச் சுவர், முதலிலேயே அதற்குள் போய் ஒதுங்கிவிடாதீர்கள்.

வழிப்போக்கன்:

இடையில் ஒரு கேள்வி. மோதிய வண்டி எதென்றே தெரியாவிட்டால்? அரசு பஸ் என்றால்?

பாலிசி_கண்ணாடி:

வண்டி தெரியாவிட்டால் தீர்ப்பாயம் இல்லை. 2022 திட்டத்தின்படி ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) அல்லது தாசில்தார் அலுவலகம் வழியாக விண்ணப்பம், மரணத்துக்கு 2 லட்சம். பிறகு வண்டி கண்டுபிடிக்கப்பட்டு இழப்பீடு கிடைத்தால் அந்த 2 லட்சம் கழியும்.

அரசு பஸ் என்றால் எதிரே இருப்பது இன்ஷூரன்ஸ் இல்லை, போக்குவரத்துக் கழகமே. தீர்ப்பு வாங்குவதைவிடப் பணம் வாங்குவதுதான் பெரிய வேலை. தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டு மனுப் போட்டு, அமீனாவோடு (கோர்ட் ஊழியர்) போய் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸை ஜப்தி செய்யும் செய்தி அடிக்கடி பேப்பரில் வருவது இதனால்தான்.

கணக்குப்பிள்ளை:

மக்கள் நீதிமன்றத்துக்குக் கூப்பிட்டால் போகலாம், தப்பில்லை. ஆனால் அங்கே முடித்தால் அப்பீல் கிடையாது. வருமானச் சாட்சியும் ஆய்வாளர் அறிக்கையும் ஆவணமாக ஏறுவதற்கு முன்பு போனால் 15 லட்சம் பேசியவர்கள் 20 என்பார்கள். ஏறிய பிறகு போனால் பேச்சே வேறு தொகையில் ஆரம்பிக்கும். இழுத்தடிப்பதை விட மூன்று, நான்கு லட்சம் விட்டுக்கொடுத்து முடிப்பது சில குடும்பங்களுக்குச் சரியாக இருக்கலாம். பாதியை விட்டுக்கொடுப்பது சரியில்லை.

கோர்ட்_வராண்டா:

@கணக்குப்பிள்ளை, அதில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. பொறுப்பு யார் மீது என்பதே சர்ச்சையாக இருக்கும் இந்த மாதிரி கேஸில், ஆய்வாளர் அறிக்கை பலவீனமாக இருந்தால் சீக்கிரம் முடிப்பதுதான் புத்திசாலித்தனம். அறிக்கையைப் படிக்காமல் இரண்டில் எதையும் சொல்ல முடியாது.

தீர்ப்பு வந்த பிறகு அப்பீல் என்றால் 90 நாளுக்குள், ஹைகோர்ட்டில் சிஎம்ஏ (மேல்முறையீட்டு மனு) போட வேண்டும். கம்பெனி அப்பீல் போனால் தொகை குறைவு என்று குடும்பமும் அப்பீல் போடலாம். பணம் டெபாசிட் ஆனதும் பெரியவர்கள் பங்கு வங்கிக் கணக்குக்கு வரும், குழந்தைகள் பங்கு 18 வயது வரை தேசிய வங்கியில் டெபாசிட்டாகக் கிடக்கும். அதன் வட்டியைத் தாய் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு முதலிலேயே மனுவில் எழுதுங்கள்.

@கோவை_தெற்கு, எம்சிஓபி எண் விழுந்ததும் இகோர்ட்ஸ் ஆப்பில் சேர்த்து வாய்தா தேதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் வராமல் டிஃபால்ட்டில் தள்ளுபடி ஆனால் மறுபடி எடுத்துவிடலாம், ஆனால் அந்த இடைக்காலத்துக்கு வட்டி தர மாட்டார்கள். 50 லட்சத்துக்கு 7.5 சதவீதம் என்றால் மாதம் 31,000-க்கு மேல்.

கோவை_தெற்கு:

திங்கள்கிழமை ஆய்வாளர் அறிக்கையும் ஏஆர் காப்பியும் எடுக்கப் போகிறோம். வண்டி இன்னும் ஸ்டேஷனில்தான் நிற்கிறது, டேப்போடு போய்ப் படம் எடுத்துவிடுகிறோம். அம்மாவிடம் அந்த நாலில் ஒன்று கணக்கைச் சொன்னோம், சேர்ந்து கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டார்.